சுருட்டின் சுவையும் ஒப்புநோக்கும் அறிவும்

விழா மலர்களிலே வாழ்த்தும் வரலாறும் நன்றியும் இடம்பெறுதல் மரபு. அம்மரபுக்கு இடையே சுருட்டைப் பற்றியும் ஒரு கட்டுரையா என நெற்றி சுருக்குவோர் இருப்பர். அதிலும் தமிழாசிரியர் ஒருவர் எழுதத் தகுந்த பொருள்தானா இது என வினவுவோரும் இருப்பர். அவர்கள் வினவுவது முறையே. ஆயினும், எம் பழைய மாணவருள் ஒரு சாரார், கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழ்வோர், கையாற் சுற்றிய சுருட்டுகளைத் தேடிச் சேர்ப்பதையும், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தரங் காண்பதையும் ஒரு பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். ஒன்றுகூடல்களிலே அவர்கள் அதுபற்றி உரையாடுவதை நாம் பலகாலும் செவிமடுத்துள்ளோம். அவ்வுரையாடலைக் கேட்டு முகஞ்சுளிப்போர் ஒருபுறம். நாகரிகத்தின் உச்சம் இதுவெனப் போற்றுவோர் மறுபுறம். இவ்விரு சாராரும் பொருளை அரைகுறையாகவே நோக்குகின்றனர் என்பது எம் கருத்து. சுருட்டைப் புகைக்கும் வழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. அதனை ஒப்புநோக்கும் அறிவையும், அதனைச் சூழ்ந்திருந்த கைவினையையும் வாசிப்பையும் இழந்துவிடுவதையும் நாம் விரும்பவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே கூறுவது முரண் அன்று என்பதைக் காட்டவே இக்கட்டுரை எழுந்தது.

முதலிற் சொல்லை நோக்குவோம். ஐரோப்பிய மொழிகள் பலவும் இவ்விலைக்கு அமெரிக்கத் தீவுகளிலிருந்து வந்த ஒரு பெயரையே இன்றளவும் வழங்குகின்றன. தமிழோ அவ்வாறு இரவல் வாங்கவில்லை. புகையும் இலையுஞ் சேர்த்துப் புகையிலை எனத் தானே பெயரிட்டுக்கொண்டது. மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் அவ்வழியே சென்றன. எம் அயலவராகிய சிங்கள மக்களும் 'தும்கொள' என்றே வழங்குவர். அதுவும் புகை, இலை என்னும் இரு சொற்களின் கூட்டே. 1492 இற்குப் பின்னரே உலகறிந்த ஒரு பயிரை, போர்த்துக்கேயர் கொண்டுவந்து தந்த ஒரு புதுப்பொருளை, நம் மொழிகள் தம் சொந்தச் சொற்களாலே வரவேற்றன என்பது கருதத்தக்கது. சுருட்டு என்னும் சொல்லோ இன்னும் பெரும் பயணம் செய்தது. சுருட்டுதல் என்னும் தொழிலடியாகப் பிறந்த அப்பெயர், போர்த்துக்கேயர் நாவிற் புகுந்து, பதினேழாம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் 'செரூட்' என ஆயிற்று. சிங்களத்திலும் அது 'சுருட்டு' என்றே நின்றது. ஆகவே, இலண்டன் மாநகரிற் கண்ணாடிப் பெட்டியுள் வைத்து விற்கப்படும் 'செரூட்'டும் மாத்தளைச் சந்தையிற் சாக்கின்மேல் விரித்து விற்கப்பட்ட கட்டும் பெயரால் ஒரு தாய் மக்களே.

புலவர்களும் இவ்விலையை ஒதுக்கினாரல்லர். சீனிச்சர்க்கரைப் புலவர் என்பார் பழனி முருகன்பாற் புகையிலையைத் தூதனுப்பிப் 'புகையிலை விடு தூது' என ஒரு நூல் பாடினார். அன்னத்தையும் கிளியையும் முகிலையும் தூதுவிட்ட மரபிலே புகையிலையும் தூது சென்றது. அந்நூலைப் பதிப்பித்து உலகுக்கு அளித்தவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள். ஏடு தேடி ஊரூராய் அலைந்த அப்பெருமகனார், பொருள் புகையிலை என்பதற்காக அந்நூலைத் தள்ளிவிடவில்லை. ஒன்றை ஆராய்தல் வேறு, அதனை வழிபடுதல் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று.

இனி, ஒப்பிடுவோர் எதனை ஒப்பிடுகின்றனர் என்பதைக் காண்போம். கையாற் செய்த நல்ல சுருட்டு மூன்று பகுதிகளால் ஆயது. நடுவே உள்ளிலை, அதனை இறுக்கிப் பிடிப்பது ஓர் இலை, எல்லாவற்றையும் போர்த்து நிற்பது மேலிலை. கியூபாவின் மேற்கிலுள்ள பினார் டெல் ரியோ மாகாணத்து வுவெல்தா அபாகோ நிலத்தில் விளையும் இலை, இம்மூன்றுக்கும் ஏற்றதென உலகெங்கும் பெயர்பெற்றது. ஆங்குச் செடியின் உச்சியிற் பறித்த இலை காரமுடைத்து. நடுவிற் பறித்தது மணமுடைத்து. அடியிற் பறித்தது எளிதில் எரிவது. இம்மூவகையையும் அளவறிந்து கலப்பதே அங்குள்ள கைவினைஞரின் திறம். இலைகளைக் குவித்து, தம் வெப்பத்தாலேயே புளிக்கவைத்துக் காரத்தை அடக்குவர். செய்துமுடித்த சுருட்டை நூற்றுக்கு 70 அளவான ஈரப்பதத்திலே பேணுவர்.

யாழ்ப்பாணத்தின் நெறி வேறு. கிணற்று நீர் இறைத்துச் செம்மண்ணில் வளர்த்த இலையை, குடிலுள்ளே தொங்கவிட்டுத் தேங்காய் மட்டையின் புகையூட்டிப் பதப்படுத்துவர். பின்னர் 'கோடா' எனப்படும் இனிப்பும் மணமுங் கூடிய நீர்மத்தைத் தெளித்து ஊறவைப்பர். கோடாவின் பக்குவத்தை ஒவ்வொரு முதலாளியும் தத்தம் குடும்பச் சொத்தெனக் காத்தனர். ஆதலின் யாழ்ப்பாணச் சுருட்டைப் பற்றவைக்கு முன்னரே அதிற் புகைமணம் உண்டு. திருச்சிராப்பள்ளி, திண்டுக்கற் சுருட்டுகளின் வழி மூன்றாவது. இருமுனையும் திறந்து, ஒரே பருமனாய் நீண்டிருப்பது அவற்றின் பழைய வடிவம். சென்னை ஸ்பென்சர் கம்பனியார் திண்டுக்கல்லிலே தொழிற்சாலை நிறுவிச் செய்த சுருட்டை வின்ஸ்டன் சேர்ச்சில் விரும்பிப் புகைத்தார் என இன்றும் கூறுவர். 1887 இல் வெளிவந்த ஷெர்லொக் ஹோம்ஸின் முதற் கதையிலே, அத்துப்பறிவாளர் கொலை நிகழ்ந்த அறையிற் கிடந்த சாம்பரை நோக்கியே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பர் எனத் துணிகிறார். 140 வகைப் புகையிலைகளின் சாம்பரைப் பிரித்தறிந்து நூலெழுதியவராக அவரைக் கொனன் டொயில் படைத்திருக்கிறார். கதையெனினும் அதிலொரு பாடம் உண்டு: பிறர் மிதித்துச் செல்லும் சாம்பரும் ஒப்புநோக்கத் தெரிந்தவனுக்கு ஏடாகும்.

ஒப்புமைக்கு நிலைக்களன்கள் நான்கெனத் தொல்காப்பியர் உவமவியலிற் கூறினார்: வினை, பயன், மெய், உரு என்பன அவை. மெய்யென்றது வடிவை, உருவென்றது நிறத்தை. எம் மாணவர் இச்சூத்திரத்தை மனனஞ் செய்து தேர்வில் எழுதி மறந்துவிடுவர். ஆனால் சுருட்டை ஒப்பிடுவோர் தம்மையறியாமலே இந்நான்கையும் கையாளுகின்றனர். நெருப்பு ஒருசீராய் வட்டமாக இறங்குகின்றதா, ஒருபுறம் ஓடுகின்றதா, சாம்பர் உதிராது நிற்கின்றதா என்பன வினை. நாவிலும் மூக்கிலும் எஞ்சும் மணமும் காரமும் பயன். நீளம், பருமன், சுற்றின் இறுக்கம் என்பன மெய். மேலிலை பொன்னிறமா, செந்நிறமா, கருநிறமா என்பது உரு. இந்நான்கையும் தனித்தனியே குறித்துவைத்து, ஒருநாள் கண்டதை மற்றொருநாள் கண்டதனோடு பொருத்திப் பார்க்கும் ஒழுங்கு, ஒரு நல்ல உரையாசிரியனின் ஒழுங்கேயாகும். எம் பழைய மாணவர் ஒருவரின் குறிப்புப் புத்தகத்தை நாம் கண்டோம். அதன் கட்டங்கள் அவர் வகுப்பறையில் எழுதிய எந்தக் கட்டுரையினும் செப்பமாய் இருந்தன என்பதை மகிழ்ச்சியோடு கூறுகின்றோம்.

ஆயினும் இவ்வொப்பீட்டிலே ஒரு கோணல் உண்டு. அதனைச் சொல்லாது விடுதல் ஆசிரியர்க்கு அழகன்று. கியூபாச் சுருட்டு என்றவுடன் குரல் தாழ்த்தி, மரியாதையோடு பேசும் அன்பர்கள், யாழ்ப்பாணச் சுருட்டு என்றவுடன் 'அது எங்கள் அப்புமார் புகைத்தது' எனச் சிரித்துக் கடந்துவிடுகின்றனர். அவர்கள் குறிப்புப் புத்தகங்களிலே ஹவானாவுக்குப் பத்துப் பக்கம். வலிகாமத்துக்கு ஒரு வரியும் இல்லை. காரணங் கேட்டால் தரம் என்பர். நாமோ அதனை ஏற்கின்றிலோம். ஒரே நெறியிற் செய்த இரண்டையன்றோ ஒரே அளவுகோலால் அளத்தல் வேண்டும்? புகையூட்டிக் கோடா தெளித்த இலையை, புளிக்கவைத்த இலையின் இலக்கணத்தால் அளந்து குறைகூறுவது, வெண்பாவின் இலக்கணத்தைக் கொண்டு விருத்தத்தைப் பிழையென்பது போலாகும். திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓரதிகாரம் வகுத்தார். தெரியாமலே தெளிந்துவிடுவோர், பெட்டியின்மேல் ஒட்டிய பொன்னிறத் தாளைத்தான் சுவைக்கின்றனர். அத்தாளை உரித்து, பெயர் அறியாது இரண்டையும் நோக்குமாறு அவர்களை வேண்டுகின்றோம். தீர்ப்பு எதுவாயினும் ஆகுக. ஆனால் விசாரணை நடைபெறட்டும்.

எம் மாத்தளைக்கும் இப்பொருளுக்கும் உள்ள உறவு சிறிதன்று. எம் மாவட்டத்திலே கலேவெல, தம்புள்ளைப் புறங்களிற் புகையிலை விளைகின்றது. தோட்டப்புறங்களில் முனியாண்டிக்கும் கறுப்பண்ணசாமிக்கும் சுருட்டுப் படைக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் பெருந்தெரு எம் நகரின் ஊடாகவே செல்கின்றது. ஒல்லாந்தர் காலந்தொட்டுத் திருவிதாங்கூருக்குக் கப்பலேறி, அங்கு அரசின் தனியுரிமைப் பண்டமாய் விற்கப்பட்ட யாழ்ப்பாணப் புகையிலை, பிற்காலத்தே தென்னிலங்கையையும் மலைநாட்டையும் தன் சந்தையாகக் கொண்டது. வடபுலத்து வணிகர் சிங்கள ஊர்களிலும் மலையக நகரங்களிலும் சுருட்டுக்கடை வைத்தனர். ஊரிலே சுற்றிய கட்டுகள் புகையிரதத்திலும் லொறியிலும் வந்திறங்கின. சுருட்டுக்கடை என்பது சுருட்டு மட்டும் விற்ற இடமன்று. சிங்களக் கமக்காரரும் தோட்டத் தொழிலாளரும் ஒரே வாங்கில் இருந்து நெருப்பு மாற்றிக்கொண்ட இடம். ஒருவர் மொழியை மற்றவர் கற்ற இடம். அங்கே ஒப்புநோக்கு நாள்தோறும் நிகழ்ந்தது. ஒரு கட்டைக் கையிலெடுத்து, முகர்ந்து, விரலால் அழுத்தி, 'இது போனமுறைச் சரக்கன்று' எனச் சொல்லும் வாடிக்கைக்காரருக்கு எக்குறிப்புப் புத்தகமும் வேண்டியிருக்கவில்லை.

அவ்வுலகம் தானாக அழியவில்லை. 1983 யூலை வன்செயலிலே மாத்தளை நகரத்துத் தமிழர் கடைகள் தீக்கிரையாயின. 1990 இல் வடக்கிற்கான பெருந்தெரு அடைபட்டது; 2002 இல் திறந்து, 2006 இல் மீண்டும் அடைபட்டு, 2009 இலேதான் நிலையாகத் திறந்தது. ஒரு தலைமுறைக் காலம் யாழ்ப்பாணத்து இலைக்கும் எம் ஊர் நாவுக்கும் இடையே தொடர்பு அற்றுப்போயிற்று. ஆதலின், யாழ்ப்பாணச் சுருட்டின் தரத்தை இன்றுள்ளோர் அறியார் என்றால், அது சுருட்டின் குறையுமன்று, அவர்களின் குறையுமன்று. அறிந்த கடை எரிந்தது. அறிவித்த தெரு அடைபட்டது. எஞ்சியிருப்பது முதியோர் சிலரின் நினைவு மாத்திரமே.

இனி, எம் உள்ளத்துக்கு மிக அணித்தான செய்தியைக் கூறுவோம். 1865 இல் ஹவானா நகரின் எல் பிகாரோ என்னும் சுருட்டுத் தொழிற்சாலையிலே ஒரு புதுவழக்கம் தொடங்கிற்று. தொழிலாளர் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் மேடையில் அமர்ந்து பத்திரிகையும் நூலும் உரக்க வாசிப்பார். அவ்வாசகரைத் தேர்ந்தெடுத்தவர் தொழிலாளர். அவருக்குக் கூலி தந்தவரும் அவர்களே. அடுத்த ஆண்டிலேயே ஆட்சியாளர் அஞ்சி அதனைத் தடைசெய்தனர், தடை நீடிக்கவில்லை. எழுத்தறியாதோர் பலர், உலக நாவல்களைச் செவிவழியாகக் கற்றனர். தூமாவின் நாவலொன்றிலே அவர்கள் கொண்ட விருப்பமே 1935 இல் எழுந்த மொன்டேகிறிஸ்ரோ என்னும் சுருட்டுக்குப் பெயராயிற்று என்பர். புளோரிடாவின் தம்பா நகரிலே 1931 இல் முதலாளிமார் வாசகரை நீக்கியபோது, தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். கூலிக்காகவன்று, வாசிப்புக்காக!

இதனைக் கேட்டு வியப்போர் யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களை நினைத்தல் வேண்டும். அங்கும் பலர் வரிசையாய் இருந்து சுருட்டுச் சுற்ற, ஒருவர் நாளிதழையும் தொடர்கதையையும் உரத்து வாசிக்கும் வழக்கம் இருந்தது. பள்ளிக்கூடத்தின் வாயிலை மிதிக்க வாய்ப்பற்றவர்கள் நாட்டு நடப்பையும் உலக அரசியலையும் அக்கொட்டிலிலே கற்றனர், விவாதித்தனர், சங்கம் அமைத்தனர். கியூபாவை எவரும் பார்த்து நடந்ததன்று அது. கை ஓயாது இயங்கும்போது செவி பசித்திருக்கும் என்பதை இரு நாட்டாரும் தாமே கண்டறிந்தனர். அவ்விடத்திற் சுருட்டு ஒரு சாக்கு, வாசிப்பே சாரம். சுருட்டை ஒப்பிடும் அன்பர்களே, கியூபாவையும் யாழ்ப்பாணத்தையும் வேறெதனாலும் ஒப்பிட மனமில்லையாயின், இதனாலேனும் ஒப்பிடுங்கள்.

இனி, கசப்பான பகுதி. மாணவர் கையிலும் செல்லும் மலராதலின் இதனை மழுப்பாது கூறுதல் எம் கடன். புகையிலை ஆண்டுதோறும் உலகில் 70 இலட்சத்திற்கு மேற்பட்டோரைக் கொல்கின்றதென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. சுருட்டின் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, ஆகவே தீங்கில்லை என்பது ஒப்பிடுவோர் வழக்கமாய்க் கூறும் சமாதானம். அது பொருந்தாது. இழுக்காதபோதும் வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றிற் புற்றுநோய் உண்டாகும். வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோர்க்கும் வாய்ப்புற்றுநோய் வரும் என்பதை எம் தோட்டப்புறத்து மக்கள் அனுபவத்தால் அறிவர். இலையைத் தொட்டுச் செய்வோருக்கும் தீங்குண்டு. ஈரமான இலையைக் கையாளும்போது அதன் நஞ்சு தோல்வழியே உட்சென்று தலைசுற்றும் வாந்தியும் தரும். எம் நாடு 2003 இல் புகையிலைக் கட்டுப்பாட்டு உலக உடன்படிக்கையை ஏற்றது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதையும் அவற்றின் விளம்பரத்தையும் தடுக்கின்றது. மாணவர்க்கு இதில் இரண்டாம் பேச்சே இல்லை. வளர்ந்தோர்க்கும் நாம் கூறுவது, தரம் காண ஆயிரம் சுருட்டு வேண்டியதில்லை என்பதே. தரமறிந்தவன் குறைவாகவே நுகர்வான். எண்ணிக்கை பெருகுமிடத்து அது பொழுதுபோக்கன்று, அடிமைத்தனம்.

'அவ்வாறாயின் இதனை முற்றாக விட்டுவிடுமாறு கூறுவதன்றோ ஆசிரியர் கடமை? ஒருபால் தீதென்று கூறி, மறுபால் அதன் அறிவைப் பேணுக என்பதென்ன?' என அன்பர் சிலர் கேட்பர். கேட்கத்தக்க வினாவே. எம் விடை இது: ஒரு பொருள் மறையவேண்டும் என்பதால் அதனைப் பற்றிய அறிவும் மறையவேண்டும் என்பதில்லை. வாட்போர் ஒழிந்ததை நாம் வரவேற்கின்றோம். புறத்திணையைக் கற்பிப்பதை நிறுத்தினோமல்லோம். சுருட்டு நாளை ஒழியினும் ஒழிக. ஆனால் அதனைச் சுற்றிய கைகளின் திறம், கோடாவின் பக்குவம், கொட்டிலின் வாசிப்பு, கடையின் இருமொழிப் பேச்சு என்பன எழுத்திலேறாமல் ஒழிந்துவிடின், அவை இருந்தன என்பதற்கே சான்றில்லாது போம். வருமுன் தலைமுறை ஹவானாவின் வரலாற்றை ஆங்கில நூலிற் படிக்கும். தன் பாட்டன் சுற்றிய சுருட்டுக்கு ஒரு பக்கமேனும் காணாது.

ஆதலின் எம் பழைய மாணவருக்கு மூன்று வேண்டுகோள்களை விடுக்கின்றோம். முதலாவது, ஒப்பிடுவோர் தம் குறிப்புப் புத்தகத்தில் யாழ்ப்பாணத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் ஹவானாவுக்குத் தந்த அதே கட்டங்களைத் தருக. எரித்துத்தான் அறியவேண்டும் என்பதில்லை. இலையின் நிறம், நரம்பு, சுற்று, மணம் என்பன பற்றவையாமலே ஆராயத்தக்கவை. இரண்டாவது, எம் நகரிலும் அயலிலும் சுருட்டுக்கடை நடத்திய குடும்பத்து முதியோரையும், சுருட்டுச் சுற்றிய கைவினைஞரையும் கண்டு, அவர்தம் தொழிற்சொற்களைத் தொகுத்துத் தருக. அகராதியிற் புகாத சொற்கள் அவர்கள் நாவில் இன்னும் உள்ளன. அவற்றை ஒழுங்குபடுத்தும் பணியை எம் கல்லூரித் தமிழ் மன்றத்து மாணவர் ஏற்பர். மூன்றாவது, கொட்டிலின் வாசிப்பை எம் கல்லூரிக்குள் கொண்டுவரத் துணைபுரிக. எம் கல்லூரிக் கைப்பணி வகுப்பிலே மாணவர் பாய் பின்னும்போதும் களிமண் பிசையும்போதும் அறை மௌனமாயிருக்கின்றது. வாரத்தில் ஒரு பாடவேளை, ஒருவர் நல்லதொரு நாவலை உரக்க வாசிக்க, ஏனையோர் கேட்டுக்கொண்டே தொழில் செய்யட்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஓர் உயர்ந்த இருக்கையும், சில நூல்களும், வாசிக்கத் துணிந்த ஒரு குரலும் போதும். வாசகரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, ஹவானாவிற்போல, கேட்போர்க்கே இருக்கட்டும்.

ஒரு நல்ல ஹவானாச் சுருட்டுப் பெட்டியின் விலைக்குத் தமிழ் நாவல்கள் எத்தனை வாங்கலாம் என்பதைக் கணக்கிடும் பொறுப்பை, எண்ணில் எம்மினும் வல்லவரான பழைய மாணவரிடமே விடுகின்றோம். இவ்வாண்டு வாங்க எண்ணியிருந்த பெட்டிகளுள் ஒன்றை மாத்திரம் அவர்கள் அவ்வாறு மாற்றிக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புவாராயின், அடுத்த தவணையிலேயே வாசிப்பைத் தொடங்க நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.